விடு என்றால் அடி

கால்பந்தில் வளர்ந்த நாடு, வளரும் நாடு என்று பிரிவு உண்டு என்பதே, என் தங்கை அந்தப் போட்டிக்குத் தேர்வான பிறகுதான் எனக்குத் தெரியும். வளர்ந்தவர்கள் உலகக் கோப்பை ஆடுவார்கள். மற்றவர்கள் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எப்போது வளர்ந்து முடிப்பார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட நாடுகளை மட்டும் கூட்டிவைத்து வெளிநாட்டில் நடந்த சர்வதேசப் போட்டி அது. பெண்கள் போட்டி. என் தங்கை ஸ்டாப்பர். அதாவது, கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் அப்பால் தள்ளுகிறவள். கோல் போடுகிற பெண்ணைத்தான் ஊருக்குத் தெரியும், ஸ்டாப்பரை அவள் தப்பு செய்தால்தான் தெரியும் என்று, தேர்வான அன்றைக்கு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டையின் பின்பக்கம், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையைத் தாண்டினால் எங்கள் தெரு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். அவருக்குக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கு நடுவே ஓடும் சத்தத்தில் அவர் காது பாதி போய்விட்டது. போன காதுக்கு ஈடாகத் தொண்டை வளர்ந்துவிட்டது. வீட்டுக்குள் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் ஒரு மருந்து கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். என் வாயும் சின்ன வாய் இல்லை என்று அம்மா சொல்லுவாள். அது உண்மைதான்.

தங்கை பந்து பழகியது கவரைப்பேட்டையில், ஒரு பள்ளி மைதானத்தில், பையன்களோடு. நைனா ஷிப்ட் முடிந்ததும் ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மில் சட்டையைக்கூட மாற்றாமல் மைதான ஓரத்தில் போய் நிற்பார். கால்பந்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஃப் சைடு என்றால் அரை நாள் லீவு மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். நம் கோலுக்குப் பக்கத்தில் பந்து வந்தால் ஆபத்து. வந்த பந்தை யோசிக்காமல் தூர அடித்துவிட வேண்டும். பந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் தொண்டை கிழியக் கத்துவார்: "உடு! உடு!"

இந்த 'உடு'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் 'வீடு' 'ஊடு' ஆகிற மாதிரி 'விடு' 'உடு' ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. 'போனா போவுது, உடு' என்றால் விட்டுத் தொலை என்று அர்த்தம். 'அவனுக்கு ரெண்டு உடு' என்றால் அடி என்று அர்த்தம். எப்போது எது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, புரிந்துவிடும். நைனா மைதானத்தில் கத்தியது இரண்டாவது உடு. என் தங்கையின் கால் அந்தக் குரலில் பழகிய கால். உடு என்று காதில் விழுந்தால், மூளையைக் கேட்காமலேயே அது வீசும். நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் அம்மாவிடம் எதற்கோ "உடும்மா" என்று நான் சொல்ல, உட்கார்ந்திருந்தவளின் கால் துள்ளி, தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்திய அணியின் முகாமுக்கு அவள் போனபோது, அங்கே தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று இவள், இன்னொன்று கீப்பர். கீப்பர் கன்னியாகுமரிப் பக்கம், கடற்கரை ஊர். இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். ஒருத்தி பேசும் தமிழ் இன்னொருத்திக்குப் பாதிதான் விளங்கும். வீடியோ காலில் ஒருநாள் அந்தப் பெண் என்னிடமே புகார் செய்தாள்.

"எக்கா, ஒங்க தங்கச்சி பேசுகது தமிழ்தானா? நேத்து என்கிட்ட 'பந்த இஸ்துகினு வா'ன்னா. நான் என்னத்தக்கா இஸ்துகிட்டு வர?"

'இழுத்துக்கொண்டு' என்பதுதான் எங்கள் வாயில் 'இஸ்துகினு'. பக்கத்திலிருந்து என் தங்கை, "இவ மட்டும் இன்னாவாம், 'வருகேன் போகேன்'னு பாட்டு பாடிக்கினு கீறா" என்றாள். முதல் மாதம் தினமும் போன் செய்து, ஊட்டுக்கு வந்துடுறேன் என்று அழுதவள் என் தங்கை. அந்தக் கடற்கரைப் பெண் இல்லையென்றால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அணியில் ஒரு விதி இருந்தது. மைதானத்துக்குள் கூப்பாடு எல்லாம் ஆங்கிலத்தில்தான். பல மாநிலத்துப் பெண்கள் ஆடும் அணி, ஒருவர் கத்துவது எல்லோருக்கும் புரிய வேண்டும். கீப்பர் பந்தைத் தானே எடுப்பதாக இருந்தால் 'கீப்பர்' என்று கத்த வேண்டும். அதைக் கேட்டதும் மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். அரையிறுதியில் பதற்றத்தில் கீப்பர் இரண்டு முறை தமிழில் கத்திவிட்டாள். நல்லவேளை, விபரீதம் ஏதும் நடக்கவில்லை. ஆனால் கோச் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதையும் தங்கை போனில் சொன்னாள். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சர்ச்சில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். அதற்கு முன்பே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவர்கள் காலடியில் ஒரு ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு என் தங்கை. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

டிவியில் போட்டி வரவில்லை. என் போனில் இணையத்தில்தான் பார்க்க முடிந்தது. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். எதிரணி ஒரு தீவு நாடு. முந்தின நாள் வரைபடத்தில் தேடியபோது, கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி இருந்தது. இந்தப் புள்ளியா நம்மை ஜெயிக்கப் போகிறது என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் புள்ளி எங்களை ஓடவைத்தது. பந்து எப்போதும் எங்கள் பக்கமே இருந்தது. என் தங்கை தலையால் முட்டினாள், விழுந்தாள், எழுந்து அடுத்ததைத் தடுத்தாள். ஆங்கிலத்தில் வர்ணனை செய்தவர் அவள் பெயரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி கொலை செய்தார். ஆனாலும் நிறையத் தடவை சொன்னார். நைனா போனைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தார். "உடு! உடு! அப்டித்தான்!" வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அது எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து உயரமாக வந்தது. அபாயமில்லாத பந்து. கீப்பர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்தாள். பார்வையாளர்கள் அதிகமில்லாத மைதானம், அதனால் வர்ணனைக்கு அடியில் ஆட்டக்காரர்களின் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனுக்கு மிக அருகில் இருந்தேன். கீப்பர் கத்தியது எனக்குக் கேட்டது.

"விடு! விடு!"

அதே நொடியில் என் காதோரத்தில் நைனா கத்தினார். "உடு!"

தங்கையின் கால் வீசியது. பந்து அவள் பாதத்தின் ஓரத்தில் பட்டு, கையை நீட்டி வந்துகொண்டிருந்த கீப்பரைத் தாண்டி, எங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "கோலா? யாரு போட்டது?"

வாசலில் நின்ற ஒருவர், "நம்ம பொண்ணுதாம்மா போட்டுது" என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்திக் கைதட்டினாள் அம்மா. யாரும் அவளோடு கைதட்டவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கையை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு போனைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதற்கு மேல் கோல் எதுவும் விழவில்லை. தோற்றோம். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நைனா மட்டும் அரிசி டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கீப்பர் பொண்ணு கைய நீட்டிக்கினு வந்துச்சே, உட்டிருக்கலாமே. இவ ஏன் அடிச்சா?" என்றார். யாரும் பதில் சொல்லாததால், காது கேட்காதவர்கள் நாங்கள்தான் என்பது போல இன்னும் உரக்க, "உட்டிருக்கலாமே!" என்றார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸை யாரும் அவிழ்ப்பதில்லை. காற்றும் மழையும் பார்த்துக் கிழித்தால்தான் உண்டு. கல்யாண ஃப்ளெக்ஸ் நிற்கும்போதே அந்த மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்து காதும் குத்திவிடுவார்கள். ஆனால் தங்கையின் ஃப்ளெக்ஸ் மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்போது இல்லை. கம்பத்தில் கயிறு மட்டும் தொங்கியது. கும்பிட்டுக்கொண்டு நின்ற பெரிய மனிதர்களில் ஒருவரை ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். "இன்னா சார், உங்க மூஞ்ச கழட்டிக்கினு போய்ட்டீங்களே" என்று கேட்டேன். அவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அதைவிடக் கஷ்டம் 'சேம் சைடு கோல்' என்ற சொல். எங்கள் பக்கம் அது கால்பந்துச் சொல்லே இல்லை. ஷிப்டில் நடந்ததை மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தவன் சேம் சைடு கோல் போட்டவன். மாமியார் முன்னால் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்த புருஷன் சேம் சைடு கோல். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு கதை ஓடாது. இப்போது யாராவது கதை சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததும் என்னைப் பார்த்து முழுங்குவார்கள். சொல்லியிருந்தால்கூட இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். முழுங்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மில்லில் நைனாவுக்கு முன்னால் யாரும் முழுங்கவில்லை போலிருக்கிறது. அந்த வாரம் அவர் சோற்று டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தங்கை திரும்பி வந்தபோது மெலிந்திருந்தாள். நைனா அவளைப் பார்த்து, "வா கண்ணு" என்றதோடு சரி, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்த நாள் காலை, அவள் கொல்லையில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவ இன்னா சொல்லிக் கூப்ட்டா? உண்மையச் சொல்லு. எனுக்குக் கேட்டுது."

அவள் நிமிரவில்லை. "உனுக்கே கேட்டுதா? போன்லயா?"

"'விடு'ன்னா. 'கீப்பர்'னு கத்தல. தமிழ்ல கத்துனா. தப்பு அவளுது. நீ ஏன்டி மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?"

பூட்ஸுக்குள் விரலை விட்டுச் சேற்றை நோண்டிக்கொண்டே பேசினாள். "கேட்டுதுக்கா, நல்லாவே கேட்டுது. அவ வாய்ல விடுன்னு தெளிவா வந்துது. என் காதுக்குள்ள வர்றப்போ அது நைனா கத்துற மாதிரி ஆயிடுச்சு. அவரு எங்கியோ கோடு ஓரத்துல நின்னுக்கினு கத்துற மாதிரியே. காலு போயிடுச்சு."

அந்த நொடியில் நைனா உண்மையிலேயே கத்தினார் என்பதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

பிறகு அவளே மீதியைச் சொன்னாள். ஆட்டத்தின் வீடியோ பதிவில் கீப்பரின் வாய் அசைவது தெரிகிறதாம். ஆனால் வர்ணனைக்காரரின் சத்தத்தில் என்ன சொன்னாள் என்று கோச்சுக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு உடை மாற்றும் அறையில் இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்ததால் அவர் எதுவும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் மட்டும் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒன்று சொன்னாராம். சரியாகக் கூப்பிடாத கீப்பரும் வேண்டாம், கூப்பிட்டதைக் கேட்காத ஸ்டாப்பரும் வேண்டாம். அடுத்த முகாமுக்கு ஆள் எடுப்பதற்கு முன் போன் செய்வேன், அப்போது உண்மையைச் சொல்லுங்கள் என்று. அதாவது இரண்டு பேரில் ஒருத்தி வீட்டில் உட்கார வேண்டும்.

"அப்புறம் இன்னா, உள்ளத சொல்லு" என்றேன். "அவளுக்கு ஏற்கெனவே வார்னிங் குடுத்துக்கீறாங்க இல்ல? நீ ஏன் சாவணும்?"

"உள்ளதச் சொன்னா ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க. விடுன்னா எங்க ஊர்ல அடின்னு அர்த்தம், எங்க நைனா அப்டித்தான் கத்துவாருன்னு சொல்லணும். நாளைக்கே அது எல்லார் போன்லயும் வரும். நைனா கண்லயும் படும். அவரு தாங்குவாரா?"

"நைனாவுக்குப் படிக்கவே நேரமில்ல."

"மில்லுல படிச்சுக் காட்டுவாங்கக்கா" என்றாள்.

நான் விடவில்லை. நீ சின்னப் பிள்ளையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீணா, ஊருக்கு நல்லவளாக இருந்து என்ன வாழ்ந்தாய் என்றெல்லாம் கத்தினேன். அவள் பூட்ஸை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

கோச் கூப்பிட்டது ஒரு சாயங்காலம். நைனா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்காக எங்கள் வீட்டில் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். பழக்கத்தில் தங்கையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். கோச் பேசியது எல்லாம் ஆங்கிலம். நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறேன். அவள் உன்னைக் கூப்பிட்டாளா? என்ன சொல்லிக் கூப்பிட்டாள்?"

தங்கை ஒருமுறை நைனாவைப் பார்த்தாள். அவர் போனுக்கு மரியாதை கொடுப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டை மடியில் சரிசெய்துகொண்டிருந்தார்.

"'கீப்பர்' என்று கூப்பிட்டாள் சார்," என்றாள் ஆங்கிலத்தில். "எனக்குக் கேட்டது. கேட்டும் அடித்துவிட்டேன். என் தப்புதான்."

நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் முட்டி மோதிப் பழகிய உடம்பு அது, என்னால் அசைக்க முடியவில்லை. வாயைத் திறந்து கத்தியிருக்கலாம்தான். நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது என்னால் முடியவில்லை.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி, நீ நல்ல ஆட்டக்காரி, ஆனால் நான் சொன்னதில் மாற்றமில்லை, படிப்பைப் பார்த்துக்கொள் என்றார் கோச். அவ்வளவுதான். போன் கட் ஆனது. தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கேட்டாரு கோச்சு?" என்றார் நைனா.

"உடம்பு எப்டி கீதுன்னு கேட்டாரு நைனா. கால் வலி கீதான்னு கேட்டாரு."

"நல்ல மனுசன்" என்றார் நைனா. போட்டி முடிந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்தது. "தோத்துப் போயும் மறக்காம விசாரிக்கிறாரு பாரு. அடுத்த கேம்ப்பு எப்போவாம்? நானு முன்னாலியே லீவு சொல்லி வெக்கணும், இந்த வாட்டி வண்டி ஏத்திவுட நானே வர்றேன்."

அம்மா டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கை அதை வாங்கிக்கொண்டு, நைனாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "சொல்லி அனுப்புவாங்க நைனா."